மோட்டார் மாற்றும்முன் அளக்க வேண்டியவை

இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து லைன் வீடுகளில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் அன்று மாலைக்குள் அடுத்தது ஓடியாக வேண்டும். 1998இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு, சிப்காட் வளாகங்களைச் சுற்றி ஒரகடம் வரைக்கும் எழும்பிய வாடகைக் குடியிருப்புகள் இவை. தளத்துக்கு நாலைந்து போர்ஷன், போர்ஷனுக்கு மூன்று நான்கு பேர், அத்தனை பேருக்கும் ஷிப்ட் வேலை. இந்த அவசரத்தில் வீட்டுக்காரர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பழைய மோட்டாரின் தகட்டில் 1 எச்.பி. என்று இருக்கிறதா, கடையில் போய் 1 எச்.பி. கேட்பார். பிளம்பரோ கடைக்காரரோ “ஒன்றரையா போட்டுடுங்க சார், பிரச்சினையே வராது” என்றால் அதற்கும் தலையாட்டிவிடுவார். இந்த அத்தியாயம் சொல்லவருவது, எச்.பி.யிலிருந்து தொடங்குகிற இந்த வழியே தவறு என்பதுதான். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு, எச்.பி. தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. நின்ற மோட்டார் எல்லாமே செத்த மோட்டார் ஆகிவிடாது. சுவிட்ச் போட்டதும் ‘உம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் கண்டென்சர் என்பார்கள். மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பேரிங்கும் இம்பெல்லரும் சிக்கவில்லை. பழுது பெரும்பாலும் கெப்பாசிட்டரில்தான் இருக்கும். அதே மைக்ரோஃபாரட் அளவில் புதியது ஒன்று சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுற்றவே இல்லை என்றால் துருப்பிடித்தோ மண் அடைத்தோ இறுகியிருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் ஃபுட் வால்வோ உறிஞ்சுகுழாயின் ஜாயிண்டோ காற்றுப் பிடித்திருக்கிறது. இவற்றில் எதற்கும் புது மோட்டார் மருந்தாகாது. வைண்டிங் கருகிய வாடை வந்தால்தான் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றான பிறகு உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சம்ப்பில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது அதன் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து, மேல்தொட்டியில் குழாய் தண்ணீரைக் கொட்டுகிற வாய் வரைக்கும் உள்ள செங்குத்து உயரமே நிலை உயரம். தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும், மாடிப்படி அறையின் தலையில் தொட்டியும் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 2 மீட்டர், தொட்டி வாய் தரைக்கு மேலே 11 மீட்டர். ஆக 13 மீட்டர். இதோடு உராய்வையும் சேர்க்க வேண்டும். குழாயின் உள்சுவரோடும் வளைவுகளோடும் தண்ணீர் உரசிப் போவதில் வீணாகிற அழுத்தமும் பம்புக்கு ஏறவேண்டிய உயரம்தான். வளைவுகளையும் கணக்கில் சேர்த்துக் குழாய் 30 மீட்டர் என்றும், நிமிடத்துக்கு 50 லிட்டர் போகிறது என்றும் வைத்துக்கொண்டால், உள்விட்டம் 25 மில்லிமீட்டர் கொண்ட ஒரு இஞ்ச் பிவிசி குழாயில் உராய்வு ஏறக்குறைய 4.3 மீட்டர் வரும். முக்கால் இஞ்ச் குழாயில் அதே தண்ணீருக்கு உராய்வு மட்டுமே 12 மீட்டரைத் தாண்டிவிடும். ஒன்றேகால் இஞ்ச் குழாயானால் 1.3 மீட்டரோடு போய்விடும். குழாயின் விட்டம் சற்றே மாறினாலும் உராய்வு ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் மாறுவதால் வருகிற வித்தியாசம் இது. லைன் வீடுகளில் குழாய் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் ஏறுகிறது. மோட்டாரை மாற்றும் கையோடு முக்கால் இஞ்ச் குழாயையும் மாற்றிவிட்டால், பல இடங்களில் பாதி எச்.பி. மிச்சமாகும்.

அடுத்தது, எத்தனை லிட்டர் என்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கு வழக்கமாக வைக்கிற அளவு. 24 பேர் இருக்கும் கட்டடத்துக்கு அந்தக் கணக்கில் 3,240 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்றும் பம்பு இதை ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் ஓடி முடித்துவிடும். பழைய பம்பு எவ்வளவு கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால், 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றைத் தொட்டி வாயில் பிடித்து, கைபேசியில் நேரம் பார்த்தால் போதும். வாளி 24 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 50 லிட்டர். மோட்டார் ஏற்கெனவே செத்துவிட்டது என்றால், நிறைய எவ்வளவு நேரம் பிடித்தது என்று குடியிருப்பவர்களைக் கேளுங்கள். தொட்டியின் கொள்ளளவை நிமிடங்களால் வகுத்தால் ஏறக்குறைய அதே விடை கிடைக்கும்.

இப்போது எச்.பி.க்கு வருவோம். 17.3 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 50 லிட்டர் ஏற்ற, தண்ணீருக்குள் போய்ச்சேர வேண்டிய சக்தி சுமார் 141 வாட்தான். சிறு பம்பின் திறன் 40 சதவீதம் என்று வைத்தால் தண்டில் 350 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். அரை எச்.பி. என்பது 373 வாட். ஆக, இந்தக் கட்டடத்துக்கு அரை எச்.பி. மோட்டாரே ஓட்டிவிடும். 1 எச்.பி. போடுவது வழக்கத்தின் பேரில்தான். தண்ணீர் அதைக் கேட்கவில்லை. தகட்டில் உள்ள கிலோவாட் தண்டில் வெளிவருகிற சக்தி என்பதையும் நினைவில் வையுங்கள். மீட்டரிலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிறிய ஒற்றைக் கட்ட மோட்டார்களில் 1 எச்.பி. முழுச்சுமையில் ஓடினால் 1 கிலோவாட்டைத் தாண்டும்.

இதைக் கேட்டதும் வருகிற முதல் மறுப்பு, “பெரிய மோட்டார் போட்டால் சீக்கிரம் நிறையும், ஓடும் நேரம் குறையும், கரண்டும் மிச்சம்தானே?” என்பது. அதே ஒரு இஞ்ச் குழாயில் 50 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் தள்ளினால் உராய்வு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது. 4.3 மீட்டர் இருந்தது 15.5 மீட்டராகிறது. நிலை உயரத்தோடு சேர்த்து 28.5 மீட்டர். நேரம் பாதியாகிறது, ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் செலவாகிற மின்சாரம் 65 சதவீதம் ஏறுகிறது. பம்பும் மோட்டாரும் சேர்ந்து 30 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்து, 24 பேருக்கு இரண்டு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மெதுவாக ஏற்றினால் 31 யூனிட்டுக்குள், வேகமாக ஏற்றினால் சுமார் 50 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் இந்த 20 யூனிட் சிலருக்குச் சிறிதாகத் தெரியலாம். அதற்கு மேல் போகிறவர்கள் இந்த 20 யூனிட்டுக்கும் காசு கட்டுகிறார்கள். படிநிலை எல்லையில் நிற்கிறவர்களை அது அடுத்த விகிதத்துக்குத் தள்ளிவிடும். அந்த வேகத்தைக் கொடுக்க ஒன்றரை எச்.பி. மோட்டார் வேண்டும் என்பதும், அதன் விலையும் இதில் சேர்க்கப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு இந்தப் பகுதிக்கே உரியது. காலை ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர்கள் விடியலில் மொத்தமாகக் குளிக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் அதே சமயத்தில் வந்து சேர்கிறார்கள். அந்த நெரிசலைத் தாங்கப் பெரிய பம்பு வேண்டாமா? நியாயமான கேள்விதான். நெரிசலைத் தாங்க வேண்டியது தொட்டி. ஒரே மணி நேரத்தில் 24 பேரும் ஆளுக்கு 50 லிட்டர் எடுத்தாலும் 1,200 லிட்டர்தான் போகும். 2,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் பம்பு ஓடவே தேவையில்லை. இரண்டு ஷிப்ட்டுகளுக்கு நடுவில் உள்ள மணி நேரங்களில் அதை மறுபடி நிரப்புவதுதான் பம்பின் வேலை. தொட்டி 500 லிட்டர் என்றால், எத்தனை எச்.பி. போட்டாலும் யாராவது சோப்பு நுரையோடு நிற்கத்தான் செய்வார்கள். மோட்டாரைப் பெரிதாக்க நினைத்த பணத்தில் இன்னொரு தொட்டி வாங்கி இணைப்பது மேல். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் அளவில் கட்டி 2024இல் திறந்த சிப்காட் விடுதி வளாகம் போன்ற இடங்களில் இதையெல்லாம் கணக்குப் போடப் பொறியாளர்கள் இருப்பார்கள். லைன் வீட்டில் அந்தப் பொறியாளர் வேலையும் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

மூன்றாவதாக, “லோ வோல்டேஜுக்குப் பெரிய மோட்டார்தான் தாங்கும்” என்பார்கள். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால், விசை 61 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இது எல்லா மோட்டாருக்கும் பொதுவான விதி. பெரிய மோட்டாருக்கு விலக்கு கிடையாது. அதோடு, பெரிய மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற மின்னோட்டமும் பெரிது. மீட்டரிலிருந்து சம்ப் வரைக்கும் மெல்லிய வயரில் அதை இழுத்தால், இருக்கிற வோல்ட்டும் இன்னும் தாழும். தகட்டில் 180 முதல் 240 வோல்ட் வரை என்று அகன்ற வீச்சு போட்ட மோட்டாரைத் தேர்ந்தெடுத்து, வயரைத் தடிமனாக மாற்றுங்கள். லோ வோல்டேஜுக்கு அதுதான் சரியான மருந்து.

அளவுக்கு மீறிய பம்பு வீண் செலவோடு நிற்காமல் தன்னையே எரித்துக்கொள்ளவும் கூடும் என்பதைக் கடைகளில் அரிதாகவே சொல்கிறார்கள். மையவிலக்குப் பம்புகளில், ஏற வேண்டிய உயரம் குறையக் குறைய ஓட்டம் கூடுகிறது. ஓட்டம் கூடக் கூட மோட்டாரின் சுமையும் கூடுகிறது. 30 முதல் 60 மீட்டர் வரை என்று எழுதிய பம்பை 15 மீட்டருக்குப் போட்டால், அது தன் வீச்சுக்கு வெளியே ஓடி, ஆம்பியர் ஏறி, வைண்டிங் சூடாகிக் கருகும். வீடுகளில் அதிகம் காணப்படும் செல்ஃப் பிரைமிங் வகையான ரீஜெனரேட்டிவ் பம்பில் இது தலைகீழ்: வாய் அடைபட அடைபடத்தான் சுமை ஏறும். பால்வால்வை அரைகுறையாக மூடி ஓட்டினாலும், முக்கால் இஞ்ச் குழாயில் திணித்தாலும் அது சூடாகும். ஆகவே தகட்டில் உள்ள ‘ஹெட்’ வீச்சைப் படியுங்கள். நம் 17 மீட்டர் அந்த வீச்சின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இரு ஓரத்திலும் விழுந்தால் அந்தப் பம்பு உங்களுக்கானது இல்லை. பம்போடு வரும் தாளில் எந்த உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணை இருக்கும். கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: “17 மீட்டர் ஹெட்டில் இது எத்தனை லிட்டர் கொடுக்கும்?” அட்டவணையைக் காட்ட முடியாத கடையில் வாங்காதீர்கள். கோவை இந்தியாவின் பம்பு உற்பத்திக்குத் தலைநகர்போல இருக்கிறது. அங்கே சிட்டார்க் போன்ற சோதனைக் கூடங்களில் இந்த அளவுகளைச் சோதித்துப் பார்க்க வசதி இருக்கிறது. எண்கள் கிடைப்பது கடினமே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எந்தத் தர எண் இருக்கிறது என்றும் பாருங்கள்: ரீஜெனரேட்டிவ் வகைக்கு ஐ.எஸ். 8472, மோனோபிளாக் எனப்படும் மோனோசெட்டுக்கு ஐ.எஸ். 9079, ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220, போர்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034.

வகையைத் தேர்வதற்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ரீஜெனரேட்டிவ் பம்பில் இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். லாரித் தண்ணீரோடு சம்ப்பில் வந்து படிகிற மண்ணும், போரிலிருந்து வருகிற நுண்மணலும் அந்த இடைவெளியைத் தேய்த்துவிடும். ஓரிரு ஆண்டில் மோட்டார் முன்போலவே இரைந்தாலும் தண்ணீர் மட்டும் மெலிந்துவிடும். கலங்கல் தண்ணீர் வருகிற வீட்டில் மையவிலக்கு மோனோபிளாக்கோ, சம்ப்புக்குள்ளேயே உட்காரும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிளோ நல்லது. மேலே உட்காரும் பம்பு எதுவானாலும் உறிஞ்சும் உயரம் ஏழு மீட்டருக்குள் இருக்க வேண்டும். காற்றழுத்தம் கோட்பாட்டளவில் தூக்கிவிடக்கூடியதே பத்து மீட்டர் சொச்சம்தான், எச்.பி. கூட்டி அதை மீற முடியாது.

போர்வெல் மோட்டாரைப் பொறுத்தவரை இந்த வாதம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டத்தில் நிலத்தடியில் பல இடங்களில் இருப்பது களிமண்ணும் களிப்பாறையும் கலந்த பழைய படிவம்; புவியியலாளர்கள் இவ்வூரின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். களி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. இப்படிப்பட்ட போரில் பம்பு 40 நிமிடம் ஓடி 2,000 லிட்டர் கொடுத்த பிறகு காற்று இழுக்கத் தொடங்கி, ஊறி வர இன்னும் 80 நிமிடம் ஆகிறது என்றால், அந்தப் போரின் உண்மையான வரத்து நிமிடத்துக்குப் 17 லிட்டர் மட்டும்தான். அதில் இரண்டு மடங்கு பெரிய மோட்டாரை இறக்கினால் தண்ணீர் இரண்டு மடங்காகாது; வறண்டு ஓடுகிற நேரம்தான் கூடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றியுள்ள தண்ணீர் என்பதால், வறண்டு ஓடுவது அதற்கு எமன். அங்கே வாங்க வேண்டியது வரத்துக்கு ஏற்ற சிறிய பம்பும், தண்ணீர் இல்லாதபோது அணைத்துவிடும் டிரை ரன் கட்ஆஃப் உள்ள பேனலும்.

மாடியில் சோலார் ஹீட்டர் வைத்து, வெந்நீரை எல்லாத் தளத்துக்கும் வளையக் குழாயில் சுற்றவிடுகிற கட்டடங்களுக்கும் இதே அளவுகோல்தான், ஒரு திருத்தத்தோடு. மூடிய வளையத்தில் ஏறுகிற தண்ணீரின் எடையை இறங்குகிற தண்ணீரின் எடை ஈடுகட்டிவிடுவதால் கட்டடத்தின் உயரம் கணக்கிலேயே வராது. உராய்வு ஒன்றுதான் சுமை. குளிர்நாட்டு வீடுகளில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீரைச் சுற்றவிடும் பம்புகளும் இந்த வகைதான். அங்கும் நம்மைப்போலவே தேவைக்கு மேல் பெரிய பம்புகளைப் பல காலம் போட்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதி வகுத்து, 2013 முதல் திறன் குறைந்த தனிச் சுற்றோட்டப் பம்புகளைச் சந்தைக்கு விடாமல் தடுத்தது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சிறு பம்புகள் அங்கே வழக்கமாயின. நம்மூர் விடுதியில் இத்தகைய வளையத்துக்கு மேல்தொட்டி ஏற்றும் மோட்டாரை மாட்டுவது இரட்டைத் தவறு. உயரத்துக்கென்று வாங்கிய சக்தி முழுவதும் வீண். குளிர்நீருக்கென்று செய்த சீல் வெந்நீரில் வெகுநாள் நிற்காது.

ரீவைண்டிங் செய்து பழையதையே ஓட்டலாமே என்பாரும் உண்டு. பழைய மோட்டார் உங்கள் அளவுக்கு ஏற்கெனவே பொருத்தமாக இருந்து, பம்புப் பகுதி தேயாமல், செம்புக் கம்பியில் அதே கேஜில் சுற்றித் தருகிற கடையும் கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம். பழைய கம்பியை நெருப்பு வைத்து எடுக்கிற கடையில் கொடுக்காதீர்கள். ஸ்டாம்பிங் தகடுகளின் நடுவே உள்ள காப்பு கெட்டு, அதன்பின் மோட்டார் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் கூடுதல் சூடும் கூடுதல் யூனிட்டுமாகப் போகும். அளவுக்கு மீறிய மோட்டாரை ரீவைண்ட் செய்வதோ, அதே பிழையைக் காசு கொடுத்துப் புதுப்பித்துக்கொள்வது.

புதியதை மாட்டிய அன்றே இரண்டு அளவு எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கும். தண்ணீர் மேலே கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு வயரை மட்டும் அதன் வாய்க்குள் விட்டு ஆம்பியரைப் பார்த்து, தகட்டில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். அதே நேரத்தில் மாடியில் இன்னொருவர் வாளி பிடித்து விநாடி எண்ணட்டும். ஆம்பியர் தகட்டைத் தாண்டினால், மையவிலக்குப் பம்பில் ஹெட் பொருந்தவில்லை. ரீஜெனரேட்டிவ் பம்பில் குழாயோ வால்வோ நெருக்குகிறது. வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போது எடுத்த அளவு ஏமாற்றும் என்பதால், வோல்ட்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் சரியாக இருந்து வாளி மட்டும் அட்டவணையைவிடத் தாமதமாக நிறைந்தால், உறிஞ்சுகுழாயின் ஜாயிண்ட்டுகளைச் சோதியுங்கள். இந்த அளவுகளைத் தேதியோடு பில்லின் பின்பக்கம் எழுதி வாரண்டி அட்டையோடு வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் மெலிகிறது என்று கடையில் போய் நிற்கும்போது பேச்சு வளராது.